தசமபாகத்தைச் சபைக்கு வெளியே கொடுக்கலாமா?

கேள்வி:
சகோதரர்களுக்கு ஸ்தோத்திரம். சம்பளம் வந்த அன்றே அதில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தைச் சபைக்கென்று உறையிலிட்டு வேதாகமத்துக்குள் வைத்துவிடுவது என் வழக்கம். இம்மாதம், கணவரை இழந்த பக்கத்து வீட்டு அக்காவின் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வழியில்லை என்று அறிந்ததிலிருந்து, அந்த உறையையே கொடுத்துவிடலாமா என்று மனம் தவிக்கிறது. வேதத்தில் மல்கியா 3:10 தசமபாகத்தை ஆலயக் களஞ்சியமான பண்டசாலைக்குக் கொண்டுவரச் சொல்கிறதே?

பதில் 1:
தம்பி, உபாகமம் 14:28, 29 வசனங்களையும் சேர்த்து வாசியுங்கள். மூன்றாம் வருடத்துத் தசமபாகத்தில் ஆலய ஊழியம் செய்யும் லேவியனோடு, அந்நியனான பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் பங்கு உண்டு. தாராளமாகக் கொடுங்கள்.

பதில் 2:
எனக்குச் சற்றே மாற்றுக் கருத்து உண்டு. உலை வைக்கும்போதெல்லாம் என் பாட்டி ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டு, ஞாயிறன்று ஆலயத்தில் படைப்பார். வீட்டில் அரிசி குறைந்த நாளிலும் அந்தக் கலயத்தில் கைவைத்ததில்லை. 1903இல் திருநெல்வேலித் திருச்சபையார் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கம், அந்நியப் பணத்தை நாடாமல், நம்மவர் காணிக்கையைக் கொண்டே தெலுங்கு நாட்டின் டோர்னக்கலில் ஊழியம் செய்தது. ஆகவே உறை சபைக்கே போகட்டும். அக்காவுக்கு அதற்கு மேலாகக் கொடுங்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. உறையைத் தொடாமல், பண்டிகைத் துணிக்கென்று வைத்திருந்த பணத்தைக் கல்லூரி அலுவலகத்திலேயே கட்டிவிட்டேன். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.