மறு: செயின் ஆஃப் கஸ்டடி – ‘காவல் தொடர்’ போதுமா?

குழுவினருக்கு வணக்கம். கைப்பற்றிய சான்றுப்பொருள் நீதிமன்றம் வரும்வரை யார் யார் கையில், எங்கே இருந்தது என்பதன் அறுபடாத தொடர்ச்சிதான் ‘செயின் ஆஃப் கஸ்டடி’. அதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம்; வந்த யோசனைகளுக்கு என் பதில் கீழே.

> ‘காவல் தொடர்’ சுருக்கமாக இருக்கிறது, அதையே வைத்துக்கொள்ளலாமே.

சுருக்கம்தான் ஐயா. ஆனால் மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ‘காவல்’ என்றால் லாக்கப். நீதிமன்றத்தில் இந்தச் சொல்லைக் கேட்கும் தோட்டத்து அம்மா, மகனின் தடுப்புக் காவலை நீட்டிவிட்டார்கள் என்று அழ ஆரம்பித்துவிடுவார்.

> ‘கைமாற்றுத் தொடர்’?

கைமாற்று என்பது சம்பளத்துக்கு முன் வாங்குகிற கடன். வேண்டாம்.

> ‘ஒப்படைப்புத் தொடர்’?

இது நல்ல சொல். ஆனாலும் பாதியைத்தான் சொல்கிறது. போதைப்பொருள் பொட்டலத்தைக் கைப்பற்றிய போலீஸ்காரர் தேதியும் சுருக்கொப்பமும் போட்டு, சீல் வைத்து விசாரணை அதிகாரியிடம் கொடுக்கிறார். அவர் அதை ஆய்வுக்காக இரசாயன இலாகாவுக்குக் கொண்டுபோகிறார். இதெல்லாம் ஒப்படைப்பு, சரி. குறுக்கு விசாரணையில் வக்கீல் குடைவதோ நடுவில் உள்ள இரவுகளை. யார் அலமாரியில் இருந்தது? சாவி யாரிடம்? யாரும் யாரிடமும் எதையும் ஒப்படைக்காத அந்த நேரமும் சொல்லுக்குள் வரவேண்டும்.

மலேசியாவின் 1952ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டத்தின் 37ஆம் பிரிவின்படி, 15 கிராமோ அதற்கு மேலோ ஹெராயின் வைத்திருந்தால், மறுத்து நிரூபிக்கும்வரை அது கடத்தல் என்றே கொள்ளப்படும். போலீஸ் பையோடு நிறுத்த எடை ஒன்று, இரசாயனர் தூளை மட்டும் நிறுத்த எடை வேறொன்று. வித்தியாசத்துக்கு விளக்கம் இல்லாவிட்டால் ‘இது அதே பொட்டலம்தானா?’ என்ற கேள்வி வந்துவிடும். ஆய்வுக்கூடத்துக் கருவி எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் இதற்குப் பதில் சொல்லாது. டிஎன்ஏ மாதிரியில் இன்னும் மோசம்: ரத்தம் காயாத துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டிச் சூட்டில் போட்டுவைத்தால் மாதிரியே கெட்டுப்போகும்.

ஆகவே என் பரிந்துரை ‘பொறுப்புத் தொடர்’. கொடுத்தவர், வாங்கியவர், ராத்திரி பூட்டிவைத்திருந்தவர் மூவரும் இதில் அடக்கம். ‘பொறுப்புத் தொடர் அறுந்தது’ என்று வினையும் இயல்பாக வந்து சேர்கிறது. படிவத்தைப் ‘பொறுப்புத் தொடர்ப் பதிவு’ எனலாம். செம்பனைக் குலையின் காம்பில் வெட்டியவர் எண்ணை எழுதுவார்களே, அதைக் காட்டினால் எங்கள் ஊரில் பாட்டிக்கும் புரியும்.

> பொறுப்பு என்றால் பதவி என்றும் பொருள்படுமே.

படும். குழப்பம் வருகிற இடத்தில் ‘சான்றுப் பொறுப்புத் தொடர்’ என்று நீட்டிக்கொள்வோம்.

‘சீல்’ மட்டும் சீலாகவே இருக்கட்டும். போலீஸ் நிலையத்தில் போய் ‘முத்திரை’ என்றால் தபால் நிலையத்துக்கு வழி காட்டுவார்கள்.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து