பேக்கப் பாதியில் நிற்கிறது, லாக் எடுப்பதில் உதவி வேண்டும்

வணக்கம். என் விண்டோஸ் 11 கணினியில் தினமும் இரவு 2 மணிக்கு ஓடும் பேக்கப், ஒரு வாரமாக 70 சதவீதத்தில் நின்றுவிடுகிறது. திரையில் "தோல்வி" என்று ஒரே ஒரு வரிதான். மென்பொருள்காரர்களிடம் கேட்டால், "எல்லா லாக்கையும் அனுப்புங்கள்" என்கிறார்கள் (லாக் என்றால் மென்பொருள் தான் செய்ததை வரிவரியாக எழுதி வைக்கும் பதிவு). எல்லாம் என்றால் எது எது?

மறைந்திருக்கும் புரோகிராம்டேட்டா ஃபோல்டரைத் தேடிப்பிடித்து, அந்த மென்பொருளின் லாக்குகளை ஜிப் செய்துவிட்டேன். விண்டோஸின் சொந்தப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன், சிஸ்டம் ஆகிய இரண்டு லாக்கையும் சேமித்தாயிற்று. அட்மினாகக் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து 'விஎஸ்எஸ்அட்மின் லிஸ்ட் ரைட்டர்ஸ்' (vssadmin list writers) கொடுத்தேன்; பேக்கப்புக்காகத் தரவைத் தயார் செய்து தரும் 'ரைட்டர்' என்ற பகுதிகளின் நிலையை அது காட்டும். ஒரு ரைட்டரில் மட்டும் 'டைம்டு அவுட்' (நேரம் கடந்துவிட்டது) என்று காட்டியது. ரீஸ்டார்ட் செய்தால் இந்தத் தடயம் போய்விடும் என்று அதையும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் போட்டு வைத்திருக்கிறேன் (போன தடவை அவசரப்பட்டு ரீஸ்டார்ட் செய்து கோட்டை விட்டேன்).

இப்போது சிக்கல் டீபக் லாக்கில் (பிழை கண்டுபிடிக்க மென்பொருள் எழுதும் மிக விரிவான பதிவு). அதை ஆன் செய்தால் ஃபைல் மளமளவென்று நிரம்பி, பழைய வரிகள் அழிந்துவிடுகின்றன. காலையில் எழுந்து பார்த்தால் 2 மணிப் பதிவே இல்லை! அளவு வரம்பைக் கூட்டுவதா, பேக்கப் நின்றதும் லாக்கை வேறு இடத்துக்குக் காப்பி செய்யும் ஸ்கிரிப்ட் ஒன்றை டாஸ்க் ஷெட்யூலரில் போடுவதா?

அப்புறம், மென்பொருளின் லாக் யுடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தில் இருக்கிறது, ஈவென்ட் வியூவர் உள்ளூர் நேரத்தில். இரண்டையும் ஒப்பிட்டே தலை சுற்றுகிறது. எளிய வழி உண்டா?

லாக் முழுக்க என் ஃபைல் பெயர்கள் வேறு. மாற்றிவிட்டு அனுப்பலாமா, இல்லை அதில்தான் துப்பு இருக்குமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.