பார்னகேட் கலங்கரை விளக்கம்: போவதானால் குளிர்காலத்தில் போங்கள்

நியூ ஜெர்சிவாசிகள் பலரும் பார்னகேட் கலங்கரை விளக்கப் பூங்காவுக்குப் போயிருப்பீர்கள். பெரும்பாலும் ஜூலையில், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கும்போது. கார்டன் ஸ்டேட் பார்க்வே நெடுஞ்சாலையில் 63ஆம் எக்ஸிட்டில் இறங்கி, 72ஆம் சாலையில் ஊர்ந்து, பாலம் தாண்டித் தீவுக்குள் நுழைவதற்குள் பாதிப் பகல் போய்விடும். மேலே ஏறி ஒரு படம், கீழே இறங்கி ஒரு ஐஸ்கிரீம், திரும்பும் வழியெல்லாம் மறுபடி நெரிசல். எனக்கும் அந்த இடத்தின் மீது அவ்வளவுதான் மரியாதை இருந்தது, ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வரும் வரை.

லாங் பீச் தீவில் அப்போது ஆளரவமே இல்லை. சிக்னல்கள்கூட மஞ்சளில் கண் சிமிட்டிக்கொண்டு சும்மா நிற்கின்றன. தீவின் வட கோடிக்குக் கார் தடையில்லாமல் போனது.

குளிர்காலத்தில் கோபுரம் எல்லா நாளும் திறந்திருக்காது. காற்று பலமாக இருந்தாலும் மூடிவிடுவார்கள். அன்று திறந்திருந்தது. வாசலில் இருந்த தன்னார்வலர் ஒருவர், வயது எழுபதுக்கு மேல் இருக்கும், என் மகளைப் பார்த்து, "மொத்தம் 217 படிகள். எண்ணிக்கொண்டே போ, குறைந்தால் என்னிடம் சொல்" என்றார். இதை வடிவமைத்தவர் ஜார்ஜ் மீட் என்பதை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1863இல் கெட்டிஸ்பர்க்கில் வடவர் படைக்குத் தலைமை தாங்கிய அதே மீட்தான். கோபுரத்தை வடிவமைத்தபோது அவர் ராணுவத்தில் பொறியாளர். 1835இல் கட்டிய முதல் கோபுரம் கடலரிப்பில் சரிந்துபோனதால் 172 அடி உயரத்தில் இதை எழுப்பினார்கள். விளக்கேற்றிய நாள் 1859 ஜனவரி 1. 1944இல் அணைத்தார்கள். 150ஆம் ஆண்டு நிறைவன்று, 2009 ஜனவரி 1இல், மறுபடி ஏற்றினார்கள்.

மேலே காற்று கன்னத்தில் அறைகிறது. ஒரு பக்கம் விரிகுடா, எதிரே முகத்துவாரத்துக்கு அப்பால் ஐலண்ட் பீச் மணல்மேடுகள், கிழக்கே அட்லாண்டிக். அழகுதான், ஆனால் ஐந்து நிமிடத்துக்கு மேல் யாராலும் நிற்க முடியாது. நான் சொல்ல வந்தது கோபுரத்தைப் பற்றியும் இல்லை.

கோபுரத்தடியிலிருந்து முகத்துவாரத்தை ஒட்டி கைப்பிடிக் கம்பியோடு ஒரு கான்கிரீட் நடைபாதை போகிறது. அது முடிகிற இடத்தில் அலைதடுப்புப் பாறைகள் தொடங்குகின்றன. அங்கே கணவனும் மனைவியுமாக ஒரு வயதான ஜோடி, முக்காலியில் தொலைநோக்கியைப் பொருத்திக் காத்திருந்தார்கள். நாங்கள் கேட்காமலேயே அந்த அம்மாள் முக்காலியைத் தாழ்த்தி என் மகளைக் கூப்பிட்டார். அவள் பார்த்துவிட்டு, "அப்பா, யாரோ பெயின்ட் அடித்துவிட்ட மாதிரி இருக்கிறது" என்றாள்.

ஹார்லிக்வின் வாத்துகள். ஆண் வாத்துக்கு உடம்பெல்லாம் கருநீலச் சாம்பல், விலாவில் செங்கல் நிறம், அலகுக்குப் பின்னால் பிறை போல ஒரு வெள்ளை, காதருகே ஒரு வெள்ளைப் பொட்டு, மார்போரம் கறுப்புக் கரை கட்டிய வெள்ளைப் பட்டை. வடக்கே பாய்ந்தோடும் ஆறுகளில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தில் இந்தப் பாறைகளுக்கு வருகின்றன. அலை கல்லில் மோதி உடையும் இடத்திலேயே முங்கி மட்டியும் நண்டும் பிடிக்கின்றன. நுரை வடிந்ததும் தக்கை போல மேலே வருகின்றன. "கல்லில் மோதி இவற்றுக்கு எலும்பு முறிவது சகஜம். மறுபடி கூடி ஆறிய தழும்பு பல எலும்புக்கூடுகளில் இருக்கிறது" என்றார் அந்த அம்மாள். கத்தினால் எலிக்குஞ்சு கீச்சிடுவது போலத்தான் சத்தம் வருகிறது. இவ்வளவு அலங்காரத்துக்கு அந்தக் குரல் கொஞ்சமும் பொருந்தவில்லை.

இன்னும் கிட்டே போகலாம் என்று பாறை மேல் கால் வைக்கப் பார்த்தேன். தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் திரும்பாமலேயே, "கறுப்பாக இருக்கிற கல்லை மிதிக்காதீர்கள்" என்றார். பாசி படிந்த கல்தான் கறுப்பாகத் தெரியும். அதில் எந்த ஷூவும் நிற்காது. குழந்தைகளோடு போகிறவர்கள் பாறைக்குப் போகவே வேண்டாம். கீழே மணலில் நடந்தாலே வாத்துகள் நன்றாகத் தெரியும். கோபுரத்துக்குக் கிழக்கே உள்ள அந்த அகன்ற மணல்வெளி பழையதல்ல. தெற்குப் பக்க அலைதடுப்புச் சுவரைப் புதிதாகக் கட்டிய பிறகு சேர்ந்த மணல் அது. அதற்கு முன் கடல் கோபுரத்தையே மிரட்டிக்கொண்டிருந்தது.

போகிறவர்களுக்கு: பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது, கோபுரம் ஏறத்தான் சிறு தொகை. நவம்பர் முதல் மார்ச் வரை வாத்துகள் இருக்கும். விளக்கொளியைக் குவித்துத் தொலைதூரம் அனுப்பிய பழைய பிரெனல் லென்ஸ் இப்போது கோபுரத்தில் இல்லை, ஊருக்குள் உள்ள சிறிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது; அது திறந்திருக்கிறதா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் தீவில் பெரும்பாலான உணவகங்கள் மூடிக்கிடக்கும். நாங்கள் கொண்டுபோன புளியோதரையைக் காருக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டுதான் சாப்பிட்டோம்.