மூன்றா, எட்டா?

‘மேலத்தெரு வீடு’ குடும்பக் குழு, ஞாயிறு இரவு

சித்தப்பா: பாண்டியில் இருந்து வந்து சேர்ந்தாச்சு. மீன் கூட்டம் படமெல்லாம் நாளை போடுகிறேன். கனி இருக்கிறாயா? கண் பார்வை, உன் தொழில் சம்பந்தமா ஒரு சந்தேகம்.

கனி: இருக்கிறேன் சித்தப்பா, சொல்லுங்க.

சித்தப்பா: ஸ்கூபாவில் இரண்டாவது டைவ். 18 மீட்டர் ஆழம். அந்த ஆழத்தில் இன்னும் எத்தனை நிமிடம் இருக்கலாம் என்று கையில் கட்டிய டைவ் கம்ப்யூட்டர் காட்டும். என் கண்ணுக்கு அது 8. இன்ஸ்ட்ரக்டர் என் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு மூன்று விரலைக் காட்டினார், அப்புறம் கட்டைவிரலைத் தூக்கினார். ‘சூப்பர்’ என்கிறார் போல என்று நானும் தூக்கினேன்.

பிரபு: அப்புறம்?

சித்தப்பா: தண்ணீருக்குள் கட்டைவிரலைத் தூக்கினால் ‘மேலே ஏறு’ என்று அர்த்தம். வகுப்பில் படித்ததுதான், அந்த நேரத்தில் மறந்துவிட்டது. நல்லவேளை, பதிலும் அதே சைகைதான்.

ராஜம் அத்தை: பேப்பரையே கையை நீட்டிப் பிடித்துத்தான் படிக்கிறாய் தம்பி. 54 வயதில் கடலுக்கு அடியில் உனக்கு என்ன வேலை?

பிரபு: கண்ணாடியோடு குதித்துவிட வேண்டியதுதானே மாமா 😂

கனி: முடியாது பிரபு. மாஸ்க்கின் ரப்பர் ஓரம் முகத்தோடு ஒட்டி உட்கார வேண்டும். கண்ணாடிக் காது வெளியே நீட்டினால் அந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் வந்துவிடும். சித்தப்பாவுக்குத் தூரப் பார்வை சரியாக இருக்கிறது, வெள்ளெழுத்து மட்டும்தான். போன தடவை பார்த்தபோது +2.

பிரபு: தண்ணீருக்குள் எல்லாமே பெரிதாகத் தெரியும் என்று பள்ளியில் படித்தோமே?

கனி: மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், உண்மைதான். ஆனால் கிட்டவும் வந்துவிடும். 40 செ.மீ. தள்ளிப் பிடித்தால் கண்ணுக்கு 30 செ.மீ.யில் இருப்பது போல. வெள்ளெழுத்துக்காரருக்குக் கிட்ட வருவதுதானே தொல்லை! போதாததற்கு ஆழத்தில் வெளிச்சம் குறைவு. கண் பாப்பா விரியும், மங்கல் இன்னும் கூடும்.

சித்தி: அப்போ காற்று எவ்வளவு இருக்கிறது என்பதும் தெரியவில்லையா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

சித்தப்பா: அதற்குத் தனி மீட்டர்மா. இறங்கும்போது 200 ‘பார்’ அழுத்தத்தில் முள் இருக்கும், 50 வருவதற்குள் மேலே வந்துவிட வேண்டும். முள் நிற்கும் இடம் தெரிகிறது, எண்தான் தெரியவில்லை.

கனி: அந்த 50க்குக் கீழே சிவப்புப் பட்டை போட்டிருப்பார்கள், அதையும் நம்பாதீர்கள். தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பைத்தான். கீழே போகப் போக அது சாம்பல் மாதிரி ஆகிவிடும்.

சித்தி: 😡

பிரபு: லேசர் பண்ணிவிடலாமே?

கனி: தூரத்துக்கு நன்றாக இருக்கிற கண்ணில் இதற்காகக் கை வைக்க நான் சொல்ல மாட்டேன். கான்டாக்ட் லென்ஸிலும் தூரம், கிட்ட இரண்டுக்கும் சேர்த்து மல்டிஃபோகல் உண்டு. போட்டால் மென்மையான வகை, அதுவும் அன்றன்றைக்குத் தூக்கிப் போடுவது. கெட்டி லென்ஸ் என்றால் மேலே ஏறும்போது அதன் அடியில் குமிழி மாட்டிக்கொள்ளலாம். மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்து கண்ணைத் திறந்தால் லென்ஸ் போயே போச்சு. பவர் லென்ஸ் மாட்டித் தரும் மாஸ்க் இருக்கிறது, ஆனால் கடைகளில் பெரும்பாலும் தூரம் தெரியாதவர்களுக்கான மைனஸ்தான் கிடைக்கும்.

சித்தப்பா: அப்போ எனக்கு?

கனி: ஒட்டும் லென்ஸ். அரை நிலா வடிவத்தில், வளையும் பிளாஸ்டிக். பசை கிடையாது, தண்ணீர் தொட்டு மாஸ்க் கண்ணாடியின் உள்பக்கம் கீழ் ஓரத்தில் ஒட்ட வேண்டும். +2 வாங்குங்கள். தண்ணீரை நன்றாக வழித்துவிட்டு ஒரு நாள் காயவிடுங்கள், அவசரப்பட்டால் நழுவும். புது மாஸ்க்கைப் பற்பசை போட்டுத் தேய்ப்பீர்களே, அதை ஒட்டுவதற்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள். அதற்கப்புறம் அந்த இடத்தில் விரல் கூட அழுத்தித் தேய்க்கக் கூடாது.

சித்தப்பா: இவ்வளவுதானா! நான் ஆபரேஷன் வரைக்கும் யோசித்துவிட்டேன்.

கனி: ஒட்டும்முன் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டரைப் பார்க்கிற மாதிரி கையைத் தூக்குங்கள். பார்வை கண்ணாடியில் எங்கே விழுகிறதோ அங்கே சித்தியை ஸ்கெட்ச் பேனாவால் புள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

ராஜம் அத்தை: அந்தமானுக்கும் போகப் போகிறானாம், தெரியுமா? தடுக்கச் சொன்னால் எல்லோரும் சேர்ந்து வழி சொல்லிக் கொடுக்கிறீர்கள்.

அடுத்த சனி, இரவு

சித்தப்பா: ஒட்டியாச்சு. ஒரு குறை. குனிந்தால் கால் மங்குகிறது. காலில் துடுப்பு மாதிரி ஃபின் மாட்டும்போது பட்டை எங்கே என்று தடவிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கனி: கீழ் ஓரத்தில் ஒட்டினால் அப்படித்தான் இருக்கும். ரொம்பத் தொந்தரவாக இருந்தால் ஒரு கண்ணுக்கு மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள், சிலர் அப்படியும் பழகிக்கொள்கிறார்கள். இப்போது விளக்கை அணைத்துவிட்டுக் கம்ப்யூட்டரைப் படித்துப் பாருங்கள்.

சித்தி: ஒரு மணி நேரமாகக் குளியலறையில் மாஸ்க்கோடு அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார். பக்கத்து வீட்டம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, உடம்புக்கு ஏதும் சரியில்லையா என்று கேட்டுவிட்டுப் போனார்.

சித்தப்பா: 8, 4, 0. மூன்றும் பளிச்சென்று தெரிகிறது!

சித்தி: சரியாகத்தான் படித்திருக்கிறார். மணி 8:40. தோசை ஆறுகிறது, வாங்க.