புதுப்பிப்பு: புரோலாக்கில் மாட்டிக்கொண்டது தீர்ந்தது

மூன்று வாரத்துக்கு முன் காட்பாடியிலிருந்து கேட்டிருந்தேன்: புரோலாக் (தகவல்களையும் விதிகளையும் எழுதிவைத்துக் கேள்வி கேட்கும் நிரல்மொழி) கற்க ஆரம்பித்திருக்கிறேன், குடும்ப உறவுகளை எழுதி 'முன்னோர் யார்' என்று கேட்டால் பதிலே வராமல் ஓடி, ஸ்டாக் (இன்னும் முடியாத அழைப்புகளைக் குறித்துவைக்கும் நினைவகம்) நிரம்பி நின்றுவிடுகிறது, என்ன செய்வது என்று.

சரி, பிடிபட்டது. 'ஒருவருடைய பெற்றோரின் முன்னோர் அவருக்கும் முன்னோர்' என்ற என் விதியில் இரண்டு நிபந்தனைகள்: 'பெற்றோர்', 'முன்னோர்'. நான் முதலில் எழுதியிருந்தது 'முன்னோர்'. புரோலாக் இடமிருந்து வலமாகப் போவதால், ஒரு தகவலைக்கூடத் தொடாமல் தன்னையே அழைத்துக்கொண்டிருந்தது. 'பெற்றோர்' நிபந்தனையை முன்னால் வைத்ததும் பதில் வந்துவிட்டது. ஒரு அண்ணன் சொன்னபடி எஸ்டபிள்யூஐ புரோலாக்கில் (புரோலாக்கை ஓட்டும் ஒரு மென்பொருள்) டேபிளிங் (கண்ட விடைகளைச் சேமித்துவைத்து, அதே கேள்வியைத் திரும்ப ஓட்டாமல் இருப்பது) போட்டாலும் சரியாகிறது. ஆனாலும் புதிதாகக் கற்பவர்கள் முதலில் வரிசையை மாற்றிப் பாருங்கள், காரணம் புரியும்.

அப்புறம் குடியாத்தம் போய், பாட்டியிடம் கேட்டுக் கேட்டு எங்கள் சொந்தபந்தம் முழுவதையும் தமிழிலேயே எழுதினேன். தமிழ்ப் பெயர்களுக்கு மேற்கோள் குறிகூடத் தேவைப்படவில்லை. 'உடன்பிறந்தவர்' விதியை ஓட்டினால் என் அம்மாவுக்கு அவரே உடன்பிறந்தவர் என்று வந்தது! இருவரும் வேறு வேறு ஆள் என்று ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டியிருந்தது.

எனக்குப் பெரிய சந்தோஷம் 'மாமன்' விதிதான். 'என் மாமன் யார்' என்று கேட்க எழுதியது. அதையே திருப்பி, மாமா பெயரைக் கொடுத்துக் கேட்டால் அவருடைய அக்கா, தங்கை பிள்ளைகள் எல்லோரும் வரிசையாக வருகிறார்கள். ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. 1972-இல் பிரான்ஸில் பிறந்த மொழி, நம் உறவுமுறைக்கு இவ்வளவு பொருந்துகிறது.

இப்போது 'முறைப்பெண்' எழுதிக்கொண்டிருக்கிறேன். அத்தை மகளுக்கு ஒரு விதி, மாமன் மகளுக்கு ஒரு விதி.