ஆலோசனை வாரியத்தால என்ன பிரயோஜனம்?

வேளச்சேரிவாசி:
சென்னை பள்ளிக்கரணை சதுப்பு நிலம் பக்கம் தினமும் வாக்கிங் போறேன், பூநாரை கூட்டத்த பாத்தா மனசு நிறையுது, ஆனா சுத்தி கட்டடம் வந்துட்டே இருக்கே. மாநில வன உயிரின வாரியம்னு ஒண்ணு இருக்காமே, வெறும் ஆலோசனை சொல்றதோட சரியா? அரசு கேக்கலன்னா?

நாரைப்பிரியன்:
சரிதான் நண்பா, ஆனா சும்மா இல்ல. 1972 வன உயிரின பாதுகாப்பு சட்டத்துலயே இருக்கு, எந்த இடத்த சரணாலயமா அறிவிக்கலாம்னு அரசுக்கு சொல்றது அதோட வேலை, வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது கூடணும். வாரியத்துல 10 சூழலியல் ஆளுங்க இருப்பாங்க, அதுல குறைஞ்சது 2 பேர் பழங்குடி பிரதிநிதி. காட்ட தெரிஞ்சவங்க குரல் அங்க கேக்கணும்ல!

அடையாறு அக்கா:
தலைவரே முதல்வர்தான், உறுப்பினர்கள நியமிக்கறதும் அரசுதான், அப்போ முழு சுதந்திரம்னு எப்படிப்பா சொல்றது? எனக்கு அதான் கவலை. வேண்டாம்னு சொல்ற தைரியம் இருக்கற ஆளுங்க உள்ள உக்காரணும், இல்லன்னா கையெழுத்து போடற இடமாயிடும். பள்ளிக்கரணைக்கு 2022ல ராம்சார் அங்கீகாரம், அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலம்ங்கற பேரு, கெடச்சுது, ஆனா அந்த பேரு மட்டும் சதுப்பு நிலத்த காப்பாத்தாது.

வேளச்சேரிவாசி:
நன்றி க்கா. கூட்டத்துல என்ன பேசினாங்கன்னு ஆர்டிஐ போட்டு கேக்கலாமா?

அடையாறு அக்கா:
தாராளமா போடு, கூட்ட நடவடிக்கைக் குறிப்பு வேணும்னு தெளிவா எழுது, தேதியோட.