வரிப் பாரத்துக்கான மே 15 நெருங்குகிறது, நாள் முழுக்க உட்கார்ந்தும் கோப்பு முடியவில்லை – வழி சொல்லுங்கள்

பினாங்கு வரிக்கணக்கு | ஏப்ரல் 12, இரவு 11:20

அனைவருக்கும் வணக்கம். ஜார்ஜ்டவுன் லெபோ பாசார் பக்கம், மாடியில் ஒரு சின்ன வரி அலுவலகம் நடத்துகிறேன். மலேசிய வருமான வரிச் சட்டத்தின் 153-ஆம் பிரிவின் கீழ் வரி முகவர் உரிமம் வாங்கி நான்கு வருடம் ஆகிறது. உதவிக்கு இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். தனிநபர் வருமான வரிப் பாரம் 240, சின்னக் கம்பெனி 30 வரை பார்க்கிறோம்.

காலை எட்டு மணிக்கு உட்காருகிறேன், இரவு பத்துக்கு எழுகிறேன். அன்றைக்கு எத்தனை பாரம் அனுப்பினோம் என்று பார்த்தால் இரண்டு, சில நாள் ஒன்று. நேற்று ஒன்றுகூட இல்லை. வாட்ஸ்ஆப்பில் ரசீது வந்துகொண்டே இருக்கிறது. போன் ஓய்வதில்லை. இந்தப் பெண்கள் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை “அக்கா, இதை எங்கே போடுவது?” என்று வந்து நிற்கிறார்கள்.

விடியற்காலை ஐந்துக்கு எழுந்து பார்த்தேன், மூன்று நாளுக்கு மேல் உடம்பு தாங்கவில்லை. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்று கைப்பேசியில் மணி வைத்தும் பார்த்தேன். ஒரு கடையின் மூலதனக் கழிவைப் பாதி போட்டுக்கொண்டிருக்கும்போது மணி அடித்தால் விட்ட இடமே மறந்துவிடுகிறது.

நாளை மறுநாள் சித்திரைப் புத்தாண்டு. மகளுக்குப் பாயசம் வைத்துக் கொடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. அன்றைக்கு ஆள் வரமாட்டார்கள், நிம்மதியாகப் பத்துக் கோப்பு முடிக்கலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அந்த நினைப்பு வந்ததும் எனக்கே பயமாகிவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

பழைய கணக்கர், பட்டர்வொர்த் | ஏப்ரல் 13, காலை 6:45

தங்கச்சி, வழி சொல்வதற்கு முன் சில விஷயம் தெரிய வேண்டும். 240-இல் பிஇ (சம்பளக்காரர்) எத்தனை, பி (சொந்தத் தொழில்) எத்தனை? வாட்ஸ்ஆப் யார் கைப்பேசியில் வருகிறது? அப்புறம், முடித்த கோப்பை எண்ணுகிறீர்கள், திறந்த கோப்பை எண்ணிப் பார்த்தீர்களா? இன்று ஒரு நாள் மட்டும், எந்தக் கோப்பைத் திறந்தாலும் நேரத்தையும் ஏன் மூடினீர்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். எதையும் மாற்ற வேண்டாம். வழக்கம்போல வேலை செய்யுங்கள்.

பினாங்கு வரிக்கணக்கு | ஏப்ரல் 13, இரவு 10:05

ஐயா, எழுதினேன். மதியம் வரைக்கும் உள்ளதை அப்படியே போடுகிறேன்.

8:35 – ஓர் ஆசிரியையின் கோப்பு. இஏ (முதலாளி தரும் சம்பள அறிக்கை) இருக்கிறது, காப்புறுதி இருக்கிறது, எஸ்எஸ்பிஎன் (கல்விச் சேமிப்பு) அறிக்கை இல்லை. கேட்டு அனுப்பிவிட்டு மூடினேன்.
8:50 – துணிக்கடைக்காரர் போன். சிபி500 (தவணை வரி) கடிதம் வந்திருக்கிறதாம், பயந்துவிட்டார். அவர் கோப்பைத் திறந்து தவணையைப் பார்த்துச் சொன்னேன்.
9:15 – தொழிற்சாலைப் பொறியாளர். பெற்றோர் மருத்துவச் செலவு 6,000 ரிங்கிட் என்கிறார், ஆஸ்பத்திரி ரசீது படம் மங்கலாக இருக்கிறது. மூடினேன்.
9:40 – ஆசிரியை எஸ்எஸ்பிஎன் அனுப்பினார். போட்ட பணம் மட்டும் தெரிகிறது, எடுத்த பணம் தெரியவில்லை. மறுபடியும் கேட்டு மறுபடியும் மூடினேன்.
10:10 – சாப்பாட்டுக் கடை முதலாளி நேரில் வந்தார். “எப்போது முடியும்?” என்று கேட்டார். அவர் பி பாரம்.

இப்படியே போனது. மதியம் ஒரு மணிக்குள் 11 கோப்பு திறந்திருக்கிறேன். ஆசிரியையின் கோப்பை மட்டும் நான்கு தடவை. முடித்தது பூஜ்யம்.

பிஇ 150, பி 90. வாட்ஸ்ஆப் என் சொந்தக் கைப்பேசியில்தான்.

பழைய கணக்கர், பட்டர்வொர்த் | ஏப்ரல் 14, காலை 7:10

முதலில் புத்தாண்டு வாழ்த்துகள். பாயசத்தை வைத்துவிட்டு இதைப் படியுங்கள்.

உங்கள் கை வேகமான கை. 11 கோப்பில் எது குறை என்று உடனே கண்டுபிடித்திருக்கிறீர்கள். ஆனால் காகிதம் முழுமையாக வராத கோப்பை நீங்கள் திறந்ததுதான் தப்பு. ஒவ்வொரு தடவையும் பெயர், எண், போன வருடக் கணக்கு, எதுவரை போட்டோம் என்று மனத்துக்குள் ஏற்ற வேண்டும். அதற்கே பத்து நிமிடம் போய்விடும். நான்கு தடவை திறந்தால் நாற்பது நிமிடம், இந்தப் பக்கம் ஒரு பிஇ பாரத்தை முழுசாக முடிக்கிற நேரம்.

என் அலுவலகத்தில் இரண்டு தட்டு வைத்திருக்கிறேன். இடது தட்டு காகிதம் குறைந்தவை. வலது தட்டு முழுமையானவை. இடது தட்டில் உள்ளதை நான் தொடவே மாட்டேன். குறை என்ன என்று பார்த்து, கேட்டு வாங்கி, வலது தட்டுக்கு மாற்றுவது உதவியாளர் வேலை. வலது தட்டு வந்தால் ஒரே மூச்சில் முடித்து, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவேன்.

இரண்டாவது விஷயம், உங்கள் தாளிலேயே இருக்கிறது. சாப்பாட்டுக் கடைக்காரருக்கு ஏன் ஏப்ரலில் பதில் தேடினீர்கள்? பி பாரத்துக்கு மின்தாக்கல் கடைசி நாள் ஜூலை 15. பிஇ-க்குத்தான் மே 15. கடைக்காரர்கள் குரல் பெரியது, அதனால் அவர்கள் வேலை முன்னால் வந்துவிடுகிறது. சம்பளக்காரர்கள் பேசாமல் காத்திருக்கிறார்கள், அவர்களில் பலருக்குப் பணம் திரும்பி வர வேண்டியிருக்கும். 90 பி கோப்பையும் இன்றே ஒரு அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். மே 16 அன்று திறக்கலாம்.

இந்த அவசரத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் இந்தத் தொழிலுக்கு வந்தபோது அதிகாரிதான் வரியைக் கணக்கிட்டு அனுப்புவார். கம்பெனிகளுக்கு 2001-இலும் தனிநபருக்கு 2004-இலும் சுயமதிப்பீடு வந்தது. அதிலிருந்து கணக்கு நம் பொறுப்பு. தணிக்கை என்றால் ஐந்து வருடம் பின்னோக்கிப் போகலாம், ஆவணங்களை ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும். இன்று அரைகுறைக் காகிதத்தோடு முடிக்கிற கோப்பு 2029-இல் ஒரு கடிதமாக வந்து உங்கள் ஒரு வாரத்தைத் தின்னும். எனக்கு நடந்திருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸ் அக்கா | ஏப்ரல் 14, மதியம் 2:30

ஐயா சொன்னதில் பாதியை ஏற்கிறேன். இரண்டு தட்டு சரி. ஆனால் தானாக எல்லாக் காகிதமும் வந்து சேரும் என்று காத்திருந்தால் மே 14 அன்று இடது தட்டில் நூறு கோப்பு கிடக்கும். எனக்கு அப்படித்தான் கிடந்தது. நாள் குறிக்க வேண்டும். ஏப்ரல் 25-க்குள் முழுக் காகிதம் தந்தவர்களுக்கு மே 10-க்குள் முடித்துத் தருவேன், அதற்குப் பிறகு தந்தால் கூடுதல் கட்டணம் என்று பிப்ரவரியிலேயே சொல்லிவிடுகிறேன். இஏ பாரம் கைக்கு வருவதும் பிப்ரவரி முடிவில்தானே.

அப்புறம் எதை அனுப்பத் தேவையில்லை என்பதையும் வாடிக்கையாளருக்குச் சொல்லுங்கள். வாழ்க்கைமுறைக் கழிவு 2,500 ரிங்கிட்தான். ஒரு கைப்பேசி ரசீதிலேயே அது நிரம்பிவிட்டால், மீதிப் புத்தக ரசீது, இணையக் கட்டண ரசீது பதினான்கு படம் எதற்கு? “நிரம்பிவிட்டது, இனி அனுப்ப வேண்டாம்” என்று ஒரு வரி போட்டால் உங்கள் வாட்ஸ்ஆப் பாதி அடங்கிவிடும். எஸ்எஸ்பிஎன்-க்கு “ஜனவரி முதல் டிசம்பர் வரை, போட்டதும் எடுத்ததும் தெரிகிற முழு அறிக்கை” என்று முதல் தடவையே கேளுங்கள். அந்த ஆசிரியையிடம் வெறுமனே “எஸ்எஸ்பிஎன் அனுப்புங்கள்” என்று கேட்டிருப்பீர்கள்.

ஜூனியர், பாயான் லெப்பாஸ் | ஏப்ரல் 14, மாலை 6:15

அக்கா, நான் உங்கள் அலுவலகப் பெண்களைப் போல ஓர் இடத்தில் வேலை செய்கிறேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை வந்து கேட்பது சோம்பலால் அல்ல. எதை நாங்களே முடிவு செய்யலாம் என்று யாரும் சொல்லவில்லை, தப்பானால் திட்டு விழும் என்ற பயம். எங்கள் மேடம் போன வருடம் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தார். கேள்வியை எழுதி வைத்துவிட்டு அடுத்த கோப்புக்குப் போய்விடுவோம். பன்னிரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் அவர் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் பதில் சொல்வார். ஒரு மாதத்தில் பாதிக் கேள்வி திரும்ப வரவில்லை, பழைய பக்கத்தைப் புரட்டினால் பதில் இருந்தது.

பினாங்கு வரிக்கணக்கு | ஏப்ரல் 14, இரவு 9:40

தம்பியோ தங்கையோ தெரியவில்லை, நீங்கள் சொன்னதைப் படித்ததும் மனம் கஷ்டப்பட்டது. நான் அந்தப் பெண்களிடம் எரிந்து விழுந்திருக்கிறேன். நாளைக்கே நோட்டுப் புத்தகம் வாங்குகிறேன்.

எல்லாம் சரி, ஒன்று மட்டும் கேட்க வேண்டும். எனக்கு ஒரு பூக்கடை அண்ணன் இருக்கிறார். அப்பா காலத்திலிருந்து பழக்கம். ரசீதெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கும். பெட்ரோல் ரசீது மஞ்சளாகி, எழுத்தே அழிந்து, வெறும் வழுவழுத் தாளாக இருக்கும். அவருக்குப் பட்டியல் கொடுத்தால் படிக்க மாட்டார். கூடுதல் கட்டணம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. இப்படிப் பத்துப் பதினைந்து பேர். இவர்களை என்ன செய்வது?

பழைய கணக்கர், பட்டர்வொர்த் | ஏப்ரல் 15, காலை 6:30

அவரை விட்டுவிடாதீர்கள். அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் நம் தொழில். ஆனால் அவர் எப்போது வேண்டுமானாலும் மாடியேறி வரலாம் என்று இருக்கக் கூடாது. சனிக்கிழமை காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அவர்களுக்கே ஒதுக்குங்கள். டின்னோடு வரச் சொல்லுங்கள். எதிரில் உட்கார வைத்து, ஒரு காப்பி கொடுத்து, டின்னைக் கவிழ்த்து மாதவாரியாகப் பிரியுங்கள். அழிகிற ரசீதை அங்கேயே படம் எடுத்து வையுங்கள். அந்த மூன்று மணி நேரம் அவரோடு பேசலாம், சிரிக்கலாம், அவசரம் வேண்டாம். பூக்கடை என்றால் பி பாரம், ஜூன் மாதச் சனிக்கிழமையே போதும்.

பினாங்கு வரிக்கணக்கு | ஏப்ரல் 25, மாலை 5:50

திரும்பி வந்து சொல்லாமல் போவது சரியில்லை என்று எழுதுகிறேன். எட்டு வேலை நாளில் 58 பிஇ பாரம் அனுப்பியிருக்கிறோம். முன்பு முடித்த 22-ஐயும் சேர்த்து 80. இன்னும் 70 இருக்கிறது, அதில் 31 வலது தட்டில்.

வாட்ஸ்ஆப்பை அலுவலகத்துக்கென்று தனி எண்ணுக்கு மாற்றினேன். மூத்த பெண் பார்க்கிறாள், மதியமும் மாலையும் மட்டும் எனக்குச் சொல்கிறாள். முதல் இரண்டு நாள் கை என்னை அறியாமல் கைப்பேசியைத் தேடியது. பி கோப்புகளை நிஜமாகவே பூட்டிவிட்டேன். சாப்பாட்டுக் கடை முதலாளி கோபப்பட்டார், தேதியைக் காட்டியதும் “ஜூலையா? முன்பே சொல்லியிருக்கலாமே” என்றார். அது என் தப்புதான்.

பிரிக்பீல்ட்ஸ் அக்கா, கூடுதல் கட்டணத்தை இந்த வருடம் போடவில்லை. நடுவில் விதியை மாற்றுவது நியாயமாகப் படவில்லை. அடுத்த பிப்ரவரியில் சொல்லிவிடுவேன்.

இன்னும் தீராதது இரண்டு. 30 கம்பெனிக்கும் இ பாரம் (முதலாளி தரும் ஊழியர் சம்பள விவரம்) ஏப்ரல் 30-க்குள் மின்தாக்கல் செய்ய வேண்டும். அப்புறம் இ-இன்வாய்ஸ், அதாவது வரி வாரியத்துக்கு மின்வழி அனுப்பும் விற்பனைச் சீட்டு. ஜனவரி 1, 2026 முதல் ஆண்டு விற்பனை ஒரு மில்லியன் ரிங்கிட்டைத் தாண்டிய கடைகளும் உள்ளே வந்துவிட்டன. மாதம் முடிந்து ஏழு நாளுக்குள், அந்த மாத விற்பனையை ஒன்றாகச் சேர்த்த தொகுப்பு இன்வாய்ஸ் அனுப்ப வேண்டும் என்பதால், மாதத்தின் முதல் வாரம் நான்கு கடைக்காரர்கள் எங்கள் அலுவலகத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். மே மாதம் அந்த ஏழு நாளை இழந்தால் எனக்குத் தாங்காது.

பிரிக்பீல்ட்ஸ் அக்கா | ஏப்ரல் 25, இரவு 8:20

இ பாரத்தை அவ்வப்போது ஒன்றிரண்டாகப் போடாதீர்கள். இஏ எல்லாம் பிப்ரவரியிலேயே கொடுத்தாயிற்று, எண்கள் தயார். ஒரே நாளில் 30-ஐயும் வரிசையாக முடியுங்கள். ஒரே மாதிரி வேலை என்றால் பத்தாவதுக்குப் பிறகு கை தானாக ஓடும்.

தொகுப்பு இன்வாய்ஸ் உங்கள் வேலை அல்ல, கடையின் வேலை. கடையில் காசாளராக இருக்கிற பையனுக்கு ஒரு தடவை உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள், அவனே தன் கைப்பட ஏப்ரல் கணக்கை ஏற்றட்டும். நீங்கள் மொத்தத் தொகை விற்பனையோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள். நான்கு கடையையும் ஒரே நேரத்தில் அழைத்து ஒரு மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

பினாங்கு வரிக்கணக்கு | ஏப்ரல் 25, இரவு 9:15

நன்றி அக்கா. இ பாரம் 30-ம் திங்கட்கிழமை, ஏப்ரல் 27. நான்கு கடைப் பையன்களையும் புதன்கிழமை மாலை கடை மந்தமாக இருக்கும் நேரத்தில் வரச் சொல்லியிருக்கிறேன். “திங்கட்கிழமை போன் எடுக்க மாட்டோம், செவ்வாய்க்கிழமை நாங்களே கூப்பிடுகிறோம்” என்று தமிழிலும் மலாயிலும் எழுதி மாடிப்படிக் கதவில் இப்போதுதான் ஒட்டிவிட்டு வந்தேன்.